உபதேசியார் கேட்காத மன்னிப்பு

விழுப்புரம் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது, திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்த என் வண்டிக்காரன் சொன்னான்: “மொதலாளி, நம்ம உபதேசியாரு பூட்டாரு. விடியகாலமே.” இந்த யுத்தகாலத்தில் வேகன் கிடைப்பதே பெரும்பாடு. ஏற்றி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். சாயங்காலம் நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் ஞானமுத்து உபதேசியாரைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே அடக்கம் செய்துவிட்டார்கள்.

அவரோடு பழகிய உங்களில் பலருக்குக் காரணம் தெரியும். வெளியூர்ச் சபையாருக்காகச் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராக்கேல் என்ற கைம்பெண் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி, அதாவது வேர்க்கடலை, நிலத்தில் கிடக்க, மழை திரண்டு வந்தது. உபதேசியார் ஆராதனையைப் பாதியில் நிறுத்தி, சபையாரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் வாரிச் சேர்த்தார். ஓய்வுநாளில் வேலை செய்யலாகாது என்பது மிஷன் சட்டம். கமிட்டி கூடியது. சபை முன் நின்று, பிழை செய்தேன், மன்னியுங்கள் என்று சொன்னால் போதும் என்றார் குருவானவர்.

“எங்கிட்ட பாவம் நெறைய இருக்குது. கேளுங்க, ஒண்ணொண்ணா சொல்றேன்,” என்றார் உபதேசியார். “இதைப் பாவம்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

வேலை போயிற்று. நற்கருணையும் நின்றது. அதற்குக் கமிட்டியில் கை தூக்கிய ஐந்து பேரில் நானும் ஒருவன். என் மல்லாட்டை வேகன்கள் பாதி ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கிளம்பின. கோயிலுக்கு ஓடு போட்டுக் கொடுத்தவன் என்பதால் என்னை யாரும் கேட்டதில்லை.

பிறகு அவர் என் கிடங்குக்கே மல்லாட்டை உடைக்க வந்தார். ஒரு சனிக்கிழமை, “நாளைக்கு லோடு இருக்குது, ஜல்தியா வந்துடுங்க” என்றேன்.

“நாளைக்குக் கோயிலுக்குப் போவணும் மொதலாளி.”

“ராக்கேலு கொல்லைக்கு மட்டும் போனீங்களே?”

“அது அவளுக்கு ஒரு வருசத்துக் கூழு. இது உங்களுக்கு ஒரு வேகன்.”

உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு எரிச்சல்தான்.

ஞாயிறு தவறாமல் வந்தார். பாட்டில் அவர் குரல்தான் உரக்கக் கேட்கும். நற்கருணை தொடங்கும்போது, ஞானஸ்நானம் பெறாதவர்களோடு எழுந்து போய்ப் புங்கமரத்தடியில் நிற்பார். அவரே ஜெபம் சொல்லிக்கொடுத்து ஆயத்தம் செய்த சனங்கள் உள்ளே மண்டியிட்டிருப்பார்கள்.

சென்ற மாதம் இருமல் முற்றிப் படுத்துவிட்டார். நற்கருணை வேண்டுமென்று சொல்லியனுப்பினார். “ஒரு வார்த்தை சொல்லட்டும், உடனே வருகிறேன்” என்று குருவானவர் என்னைத் தூது அனுப்பினார். நான் போனபோது, அவர் மனைவி அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

“இன்னா பெரிய வார்த்தை? சொல்லிட்டா முடிஞ்சுது. ஏன் எல்லாரையும் பேஜார் பண்ணிக்கினு இருக்கீங்க?” என்றேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது. “ஆண்டவரு பந்திக்குப் பொய் சொல்லிட்டா போவச் சொல்றீங்க?” என்றார். “ஆனா பசிக்குது மொதலாளி.” மனைவி கஞ்சிக் கலயத்தை எடுத்தார். அது வேண்டாமென்று கையசைத்தார்.

திரும்பும் வழியில் ஒன்று தோன்றியது. ‘சொல்லிவிட்டார்’ என்று நான் சொன்னால் குருவானவர் நம்புவார். அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு ஓடி வருவார். ஈரக் காயைக் காய்ந்தது என்று மூட்டை மூட்டையாக விற்றவன் நான். அன்று பார்த்து உண்மையைச் சொன்னேன். “முடியாதுங்கிறார்.” மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

அந்தப் பொய்யை உபதேசியாரே ஒப்பியிருக்க மாட்டார் என்று என் மனைவி ஆறுதல் சொல்கிறாள். மெய்தான். ஆனால் நான் அவர் மனச்சாட்சிக்காக அதைச் சொல்லாமல் விடவில்லை. பின்னால் தெரியவந்தால் கமிட்டியில் என் நாற்காலி போய்விடுமே என்றுதான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது: என் பாவம் எது என்று எந்தச் சட்டத்தையும் பார்க்காமல் இப்போது எனக்கே தெரிகிறது.

இந்த ஞாயிறும் குருவானவர் முதல் வரிசையில் எனக்கு அப்பம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.