பிஸ்கட் பேணியும் வேலுப்பிள்ளையரின் உறுதியும்

ரீச்சராகச் சேர்ந்த மூன்றாம் மாதமே என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். கொக்குவிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முந்திய காலம்.

எட்டாம் வகுப்பு ஆங்கில ரீடரில் புதையல் தேடிப் போகிறவர்களின் கதை ஒன்று இருந்தது. தீவு, கப்பல், வரைபடம், இரும்புப் பெட்டி எல்லாம் உண்டு. என் கெட்டித்தனம், கதையைத் திறக்குமுன் நாற்பது சொல்லுக்குப் பொருள் எழுதிப் போட்டதுதான். பத்தாவது சொல்லிலேயே பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். வகுப்பில் வாயே திறக்காத மங்கை அன்று கண்ணையும் மூடிவிட்டாள்.

தலைமையாசிரியையான பெரிய ரீச்சர் இதை யன்னலால் பார்த்துவிட்டார்.

"அடுத்த கிழமை இன்ஸ்பெக்ரர் வாறார். பிள்ளையள் வாய் திறக்காட்டி உம்மை நிரந்தரமாக்க மாட்டினம், தெரியுமோ?"

"ஓம் ரீச்சர்," என்றேன். அப்பா இல்லாத வீட்டில் உழைக்கிறவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் வெள்ளென வந்து, தோடம்பழ இனிப்புப் போட்ட பிஸ்கட் தகரப் பேணியொன்றைப் பள்ளி வளவில் புதைத்தேன். வளவின் பிளானைக் கீறிப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில்: கிணற்றிலிருந்து வடக்கே இருபது காலடி, பிறகு வேலியை நோக்கிப் பன்னிரண்டு. வகுப்புக்கு உயிர் வந்துவிட்டது. அகராதிக்குக்கூடச் சண்டை பிடித்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் வேலியோரம் காலடி எண்ணக் கூடாது என்பது எனக்கு எப்படித்தான் மறந்ததோ! அடுத்த காணிக்காரர் வேலுப்பிள்ளையர் புகையிலைத் தோட்டத்தில் நின்றவர், கையில் பிளானோடு பிள்ளைகள் எண்ணி எண்ணி வருவதைக் கண்டு பாய்ந்து வந்தார்.

"ஆரைக் கேட்டு என்ரை எல்லையை அளக்கிறியள்? வேலியைத் தள்ளிப் போடுற யோசனையோ? இப்பவே மனேச்சரிட்டைப் போறன்!"

பள்ளி மனேச்சரின் காதுக்குப் போனால் என் கதை முடிந்தது. அப்போது மங்கை முன்னுக்கு வந்தாள்.

"காணி அளக்கேல்லை, ஐயா. புதையல் தேடுறம்."

அவர் முகம் மாறியது. "புதையலோ? எவடத்திலை?"

"வேலியடியிலை."

"அப்ப அது என்ரை காணியாயும் இருக்கும். பொறுங்கோ, ஒருத்தரும் கிண்டாதையுங்கோ!"

ஓடிப்போய்த் தன் காணி உறுதியை, அதாவது காணி தன்னுடையது என்று காட்டும் பத்திரத்தை, கொண்டுவந்தார். அதோடு சேர்த்த பிளானை நிலத்தில் விரித்து, வடக்கு எது, எல்லைக் கோடு எது, எங்கிருந்து அளப்பது என்று அரை மணித்தியாலம் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினார். உண்மையைச் சொன்னால், நான் அவ்வளவு நன்றாகப் படிப்பித்திருக்க மாட்டேன். கடைசியில் பேணி எல்லையிலிருந்து இரண்டு முழம் எங்கள் பக்கத்தில் கிடந்தது. அவருக்கு இரண்டு இனிப்புக் கொடுத்தோம். ஒன்றை வாயில் போட்டு, மற்றதை மடியில் முடிந்துகொண்டு, மனேச்சரை மறந்து போய்விட்டார்.

அன்றே கதையைத் திறந்தோம். மணி அடித்தும் ஒருத்தியும் புத்தகத்தை மூடவில்லை. எனக்கு ஆனந்தத்தில் அழுகையே வந்தது.

இன்ஸ்பெக்ரர் வந்தார். பிள்ளைகள் வாசித்த கதையைக் கேட்டுவிட்டு, "இந்தப் புதையல் யாருக்குச் சேர வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் வினவினார். முதல் கை மங்கையுடையது. எழும்பி நின்று, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்:

"முதலில் தீவின் உறுதியைப் பார்க்க வேண்டும், சேர்."

இன்ஸ்பெக்ரரும் இந்த ஊர்க்காரர்தான். மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். என் வேலை நிலைத்தது.

அதற்குப் பிறகு நான் ஒருநாளும் சொற்பொருள் எழுதிக் கதைப்பாடம் தொடங்கியதில்லை. முதலில் எதையாவது புதைத்துவிடுவேன், வேலியிலிருந்து நன்றாகத் தள்ளி.