கோடுகள் காணாமல் போன வகுப்பு

பௌதிக வாத்தியார் வேலை என்பது, தனக்கே முழுதாக நம்பிக்கை வராததைப் பிள்ளைகளை நம்பவைக்கிற வேலை. சாக்பீஸ் தூளைச் சுவாசித்துப் பிழைக்கும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? அறுபதுகளில் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியர். தலைமையாசிரியர் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் வீடு.

கண்ணை மூடிய கமலா

கரி பூசிய கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் மெல்லிய இரண்டு கீறல்கள். அவற்றின் வழியே ஒளியை விட்டால் திரையில் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் விழும். ஒவ்வொரு ஒளித்துகளும் இரண்டு கீறலிலும் போனதுபோல நடந்துகொள்கிறது. எதில் போனது என்று கண்டுபிடிக்க ஏற்பாடு செய்தால் கோடுகள் மறைந்துவிடும் என்றேன். வகுப்பே கண்ணை அகல விரித்தது. முன்வரிசை கமலா மட்டும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"நான் பாக்கல சார். இப்ப கோடு வந்துடுச்சா?"

சூசையின் அக்கறை

தலைமையாசிரியர் வந்த அன்று விளக்கைப் போட்டேன். கோடே இல்லை! திரையில் மங்கலாக ஒரு திட்டு. எனக்கு உயிரே போய்விட்டது. குனிந்து பார்த்தால், ஒளியை ஒரே திசையில் அசையும்படி வடிகட்டும் சாம்பல் நிறத் தாளை வெட்டி, விளக்கின் முன்னால் சாய்வாகவும், ஒரு கீறலில் நெட்டுவாக்கிலும் மற்றதில் குறுக்குவாக்கிலும் ஒட்டியிருந்தார் ஆய்வுக்கூட உதவியாளர் சூசை. எந்த ஒளி எந்த வழியாக வந்தது என்று முத்திரை குத்தியாகிவிட்டது. அந்த முத்திரையை ஒருவரும் படிக்கவில்லை. இருந்தும் கோடுகள் போய்விட்டன.

"பெரியவரு வர்றாரேன்னு தூசி படாம மூடி வச்சேன் சார், தப்பா?"

தலைமையாசிரியர் தீர்ப்பு

ஒட்டியதைப் பிய்த்தால் கரியும் கூடவே வந்துவிடும். அதே தாளில் மிச்சமிருந்த துண்டைத் திரைக்கு முன்னால் சாய்வாகப் பிடித்தேன். இரண்டு வழி ஒளியும் ஒரே சாய்வாகிவிட்டதால் முத்திரை அழிந்தது. கோடுகள் திரும்பி வந்தன! எடுத்தேன், மறைந்தன. பிடித்தேன், வந்தன. புத்தகத்தில் படித்ததோடு சரி, கண்ணால் பார்த்தது அன்றுதான். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தலைமையாசிரியர் நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"யாரும் பாக்காமலே அதுக்குத் தெரியுதா? இந்த ரூமுக்கு வேற யாரும் வரமாட்டாங்க லா, நீங்களே நிரந்தரமா இருந்துக்குங்க."

ஆக, என் திறமையைப் பார்க்க வந்தவர் ஒளியைப் பார்த்துப் பயந்துபோய் எனக்கு வேலை கொடுத்தார்.