அம்மன் ஏறிய அரை லாரி

ஆவணி வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜார்ஜ் டவுன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினோம். போகவேண்டிய இடம் கெப்பாலா பத்தாஸுக்கு அப்பால் ஐந்தாறு மைல் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டம். முதலில் கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த், அங்கிருந்து ஏறக்குறையப் பத்து மைல் நல்ல ரோடு, பிறகு செம்மண் பாதை. வண்டியில் வந்தது நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த மாரியம்மன் சிலை. உயரம் இரண்டரை அடிதான். ஆனால் கருங்கல், தூக்குவதற்கு எட்டுப் பேர் வேண்டும்.

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் பயணத்தைச் சொல்லமுடியாது. ரப்பர் விலை விழுந்த வருஷம், ஊருக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத்துரை தம்முடைய பழைய அமெரிக்கக் காரை விறகு விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். நானும் என் கூட்டாளி இபுராகிம் அண்ணனும் சேர்ந்து அதை வாங்கினோம். எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை உண்டு. இரும்பு வேலை என்னுடையது, ஓட்டுவது அவருடையது. காரின் பின்பாதியை அறுத்து எறிந்துவிட்டு மெர்பாவ் மரப் பலகையில் பாரம் ஏற்றத் தட்டு கட்டினேன். பின் அச்சுக்கு ஒரு பழைய பஸ்ஸின் வில்பட்டைகளை இரண்டு கூடுதலாகச் சேர்த்தேன். ஓட்டையாக இருந்த ரேடியேட்டருக்கு ஈயம் வைத்தேன். சேற்றில் போவதற்குப் பின்சக்கரங்களில் சுற்றச் சங்கிலியும் தயார். முன்னாலிருந்து பார்த்தால் துரை வருவதுபோல இருக்கும், பின்னாலிருந்து பார்த்தால் காய்கறி போவதுபோல இருக்கும். தெருவில் அதற்கு வைத்த பெயர் அரை லாரி. அந்தப் பெயரை நான் ரசித்தவன் அல்ல.

தோட்டத்துக் கங்காணி முனுசாமி, ஆட்கள் மூன்று பேருடன் சிலையைக் கூட்டிப்போக வந்திருந்தார். ஏற்றி முடித்ததும் இபுராகிம் அண்ணனைத் தனியே அழைத்தார்.

"பாய், ஒண்ணு சொல்லிடறேன். நேத்து டவுன் கோயில்ல வச்சு பூசை போட்டாச்சு. இனிமே அம்மா எங்க தோட்டத்து மண்ணுலதான் இறங்கணும். நடுவுல எங்க இறக்கி வச்சாலும் அங்கேயே தங்கிடுவா. அப்புறம் தூக்கக்கூடாது."

"இன்னும் கண்ணே திறக்கலையே கங்காணி. இப்பக் கல்லுதானே?" என்றேன் நான். அவர் என்னை முறைத்தார்.

"தம்பி சும்மா இருலா," என்றார் இபுராகிம் அண்ணன். "ஏத்துறவன் நம்பிக்கை எதுவோ அதான் வண்டிக்குச் சட்டம். இறக்க மாட்டோம் கங்காணி."

இப்படியாக ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஃபெரியில் ஏறினோம். வண்டிக்கும் ஆட்களுக்கும் சேர்த்து இரண்டு வெள்ளிக்கு மேல் பிடுங்கிக்கொண்டார்கள். மலாய் மாலுமி ஒருவர் தட்டை எட்டிப் பார்த்தார். பூவும் மஞ்சளும் கண்ணில் பட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கேட்காமலே சக்கரத்துக்கு இன்னொரு முட்டுக்கட்டை வைத்துவிட்டுப் போனார். அலை லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் கங்காணி அக்கரை வரும்வரை சிலையைக் கட்டிக்கொண்டே நின்றார்.

எட்டு மணிக்குப் பட்டர்வொர்த்தை விட்டோம். இருபுறமும் வயல். காலைக் காற்று சுகமாக வீசியது. நான்கு மைல் போவதற்குள் எஞ்சின் மூடிக்குள்ளிருந்து நீராவி சீறியது. என் ஈயம்தான் கைவிட்டது என்று இறங்கி ஓடினேன். ஈயம் ஒழுங்காகவே இருந்தது. கங்காணியின் ஆட்கள் துறைமுகத்தில் வேப்பிலையும் செவந்தியும் கலந்து தொடைப் பருமனுக்கு ஒரு மாலை கட்டி, அம்மன் வாகனம் என்ற பக்தியில் ரேடியேட்டரின் முகத்தையே மூடியிருந்தார்கள். உள்ளே போகக் காற்றுக்கு வழியில்லை. மோட்டாருக்கு மாலை போட்டு மூச்சை நிறுத்தத் தமிழனால்தான் முடியும்.

கழற்றலாம் என்றால் கங்காணி விடவில்லை. "போட்ட மாலைய பாதி வழில கழட்டுறதா? அபசகுனம்."

இபுராகிம் அண்ணன் வாய்க்கால் தண்ணீரைத் தகரத்தில் மொண்டு வந்து ஊற்றிக்கொண்டே சொன்னார்: "கழட்ட வேணாம். மேல ஏத்துவோம். அம்மாவுக்கும் காத்து வேணும், இன்ஜினுக்கும் காத்து வேணும்." மாலை முன்கண்ணாடிக்கு மேலே ஏறியது. அதன்பிறகு அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து வேப்பிலைச் சந்தில்தான் பாதையைப் பார்த்து ஓட்டினார்.

கெப்பாலா பத்தாஸில் ஆளுக்கு ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் செம்மண் பாதையில் திரும்பினோம். முந்தின நாள் கொட்டிய மழையில் பாதை கூழாகிக் கிடந்தது. நல்லவேளையாகச் சக்கரத்தில் சுற்றிய சங்கிலி கடித்துக்கொண்டது, வண்டி ஆடினாலும் நகர்ந்தது. போகவேண்டிய தோட்டத்துக்கு ஒன்றரை மைல் இருக்கும்போது மரப்பாலத்தைக் காணோம். ஓடை அடித்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்துத் தோட்டத்தின் பள்ளத்துக்குள் இறங்கி, மாட்டுவண்டித் தடம் பிடித்துச் சுற்றிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னதுமே கங்காணியின் முகம் கறுத்தது. இரண்டு தோட்டத்துக்கும் பல வருஷப் பகை. அவர்களுக்கும் ஒரு மாரியம்மன் உண்டு. மரத்தடியில் ஒரு சூலமும் செங்கல்லும்தான். சிலைக்கு ஆசைப்பட்டுப் பணம் சேர்த்தவர்களுக்கு ரப்பர் விலை விழுந்ததில் அது கைகூடவில்லை.

பத்து மணி சுமாருக்குப் பள்ளத்தின் நடுவில் வண்டி புதைந்தது. பின்சக்கரம் சுழன்று தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டு அச்சு வரை போய்விட்டது. ரப்பர்க் கிளைகளை ஒடித்துப் போட்டோம், கோணிச்சாக்கை மடித்துத் திணித்தோம், முதுகு கொடுத்துத் தள்ளினோம். முகத்தில் சேறு அறைந்ததுதான் மிச்சம்.

இபுராகிம் அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். "பாரத்த எடுத்தாத்தான் வண்டி ஏறும், கங்காணி."

"இறக்க மாட்டேன்."

"இறக்கச் சொல்லலையே. தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் வண்டிய பின்னால எடுத்து, கெட்டித் தரையில சுத்தி வந்து திரும்ப உங்ககிட்டயே விடுறேன்."

சிலை ஒரு பலகையில் கட்டியிருந்தது. பலகைக்கு அடியில் இரண்டு நீளக் கழிகள். தோள் கொடுத்தால் தூக்கலாம். ஆனால் அண்ணன் வண்டிக்குப் போய்விட்டால் மிச்சம் நாங்கள் ஐந்து பேர். எட்டுப் பேர் கனத்தை ஐந்து பேர் எப்படித் தாங்குவது?

அப்போதுதான் ரப்பர்ப் பால் வாளிகளோடு அந்தத் தோட்டத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் மரங்களுக்கிடையே வந்தார்கள். முன்னால் வந்தவர் கண்ணம்மா. நாற்பது வயதிருக்கும், தலையில் துணியை முண்டாசாகக் கட்டியிருந்தார். சிலையைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ அம்மா! எங்க மண்ணுலயா வந்து நிக்கிறே? இங்கயே இறங்கணும்னு நெனச்சிட்டாளா? இறங்கட்டும். நாங்க நல்லா பாத்துக்குவோம்!" என்று மற்ற பெண்களைப் பார்த்துச் சிரித்தார்.

கங்காணி கத்தினார். "யாரும் கிட்ட வராதீங்க! திருட்டுக் கூட்டம்! தொடாதீங்க!"

பெண்களின் சிரிப்பு நின்றது. கண்ணம்மா வாளியை எடுத்துக்கொண்டு திரும்பினார். நான் பதறிப்போனேன். உதவக்கூடிய கைகள் நடந்து போய்க்கொண்டிருந்தன, இவர் கௌரவம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அவரைத் தோளைப் பிடித்து உலுக்கினேன். "யோவ், அம்மன் வேணுமா, ஒம் பகை வேணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு!"

அவர் மெதுவாக, "பொம்பளைங்க சாமி தூக்குறது வழக்கமில்லையே..." என்றார்.

கண்ணம்மா நின்றார். "தூக்கப்போறது பொம்பளை சாமியத்தானே கங்காணியாரே?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். ஒரு கழிக்கு ஐந்து பேராகத் தோள் கொடுத்தோம். அம்மன் தட்டைவிட்டு எழும்பினாள், சக்கரத் தடத்தைவிட்டு ஒதுங்கி நின்றோம். இபுராகிம் அண்ணன் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினார். எஞ்சின் இருமிவிட்டு நின்றது. மறுபடி சுழற்றினார். மறுபடி நின்றது. என் தோள் எலும்பு விட்டுப்போவதுபோல வலித்தது. நான் கட்டிய வண்டியை நானே வாயில் வந்தபடி திட்டினேன்.

மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. வண்டி முனகிக்கொண்டு பின்வாங்கிக் குழியைவிட்டு ஏறும் அதே நேரத்தில் கண்ணம்மாவின் கால் பொதக்கென்று தொடை வரை புதைந்தது. அவர் பக்கத்துக் கழி சரிந்தது. பலகையின் மூலை சேற்றுக்கு ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது. கங்காணி "அம்மா!" என்று அலறினார். காலையில் கல்லு என்று பேசிய வாயால் நானும் அம்மா என்றுதான் கத்தினேன்.

கண்ணம்மா கையை விட்டிருந்தால் முடிந்தது. குறை சொல்லவும் ஆளில்லை, சேறு இழுத்தது என்று போயிருக்கும். அவரோ பல்லைக் கடித்துக்கொண்டு, புதைந்த காலோடேயே குனிந்து, கழியைத் தோளிலிருந்து முதுகுக்கு மாற்றி நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்த இருவர் அவர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தார்கள். பலகை மேலேறியது. அதற்குள் இபுராகிம் அண்ணன் கெட்டித் தரையில் சுற்றிவந்து வண்டியின் பின்பக்கத்தை எங்களுக்கு நேராக நிறுத்தினார். அம்மனைத் தட்டில் வைத்தோம். எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம்.

கண்ணம்மாவைச் சேற்றிலிருந்து இழுத்துவிடும்போது கேட்டேன். "ஏன் அக்கா, கைய விட்டிருந்தா அம்மன் உங்களுக்கே ஆயிருப்பாளே?"

"அப்புறம் அவ மூஞ்சில எப்படித் தம்பி முழிக்கிறது? அவளா நெனச்சு வந்து தங்குனா சாமி. நழுவ விட்டுத் தங்க வச்சா திருட்டுலா. திருட்டுக் கூட்டம்னு இப்பத்தானே பேரு வாங்குனோம்."

கங்காணி காதில் அது விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறினார்.

கடைசி அரை மைல் வழுக்குச் செம்மண் மேடு. முன்னோக்கி ஏறப் பார்த்தால் வண்டி மூச்சு வாங்கிச் சறுக்கியது. அந்த மாதிரிப் பழைய மோட்டாருக்குப் பின்னோக்கிப் போகும் கியரில்தான் இழுவை அதிகம், மேட்டில் பெட்ரோல் இறங்குவதும் அப்படித்தான் சரியாக வரும். எனவே வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே ஏறினோம். இபுராகிம் அண்ணன் கழுத்தை முறுக்கிக்கொண்டு ஓட்ட, நான் கூடவே நடந்து சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டே போனேன். மேட்டில் காத்திருந்த தோட்டத்து ஜனங்களுக்கு வண்டியின் முகம் தெரியவில்லை, அம்மன் முகம்தான் தெரிந்தது. குலவைச் சத்தம் காட்டையே நிறைத்தது.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அம்மன் அவர்கள் மண்ணில் இறங்கியதும் கங்காணி அங்கேயே தரையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளைபோல அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு இபுராகிம் அண்ணனிடம் வந்தார்.

"பாய், வண்டி இன்னொரு தடவ அந்தப் பள்ளத்துப் பக்கம் போகுமா? அவங்களையும் சாயங்காலப் பூசைக்குக் கூட்டிட்டு வாங்க."

"நீங்களும் வாங்களேன்."

"எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு வர்றது?"

காலி வண்டி பள்ளத்தில் ஆட்டுக்குட்டிபோலத் துள்ளிப் போனது. மூன்று மணிக்குக் கண்ணம்மாவும் பெண்களும் குளித்து, சேலை மாற்றி, தேங்காய் பழத் தட்டோடு ஏறினார்கள். கோயில் வாசலில் நிறுத்தினோம். மற்றவர்கள் எழுந்தார்கள். கண்ணம்மா அசையவில்லை, ஆகவே அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இறங்குக்கா, இடம் வந்திருச்சு," என்றேன்.

"வண்டிதானே கூப்பிட வந்துச்சு? திட்டுனவரு வரட்டும். அதுவரைக்கும் நான் இந்த மண்ணுல கால் வைக்கமாட்டேன்."

ஊரே கூடி நின்று பார்த்தது. பூசாரி மணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் கங்காணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்.

"நான் பேசுனது தப்புக்கா. வாய் தவறல, வேணும்னேதான் பேசினேன். மன்னிச்சிடுங்க. இறங்கி வாங்க. மொதத் தேங்காய நீங்கதான் ஒடைக்கணும்."

கண்ணம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கைய குடுங்க. வண்டி உசரமா இருக்கு," என்றார். கங்காணி கை கொடுத்தார். அவர் இறங்கினார்.

ஐந்து மணிக்கு விடைபெற்று, இருட்டுவதற்குள் பட்டர்வொர்த்துக்கு வந்து ஃபெரி ஏறினோம். எதிரே பினாங்கு மலை கறுத்துக்கொண்டிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில், தேர்வடத்தை எந்தத் தெருவார் முதலில் தொடுவது என்று மண்டைகள் உடைந்து, தேர் இன்னும் நிலையைவிட்டு நகராமல் நிற்கிறது. அந்தச் சண்டையில் என் பெரியப்பாவும் இருந்தார், எங்கள் தெருதான் முதல் என்று நானும் கத்தியவன்தான். கண்ணம்மாவை அங்கே நிறுத்தி நினைத்துப் பார்த்தேன். எங்கள் தெருவில் அப்படி ஒருவர் எனக்கு அகப்படவில்லை.

"தோளு எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டார் இபுராகிம் அண்ணன்.

கழி அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது. தொட்டால் உயிர் போனது. வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் குறைசொல்கிறவன் என்று பட்டறையில் எனக்குப் பெயர்.

"நல்லா இருக்குண்ணே," என்றேன்.