நூறு யூனிட்டுக்குள்

என் வீட்டுக்காரருக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை. பொறி பறந்தால் ஆபத்து என்று அந்த ரூமில் மின்சாரமே கிடையாது. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நான் ஃபேன் போட்டால் வந்து நிறுத்துவார். "கம்பெனில எங்களுக்கு ஃபேனா ஓடுது? வெந்தா போயிட்டோம்?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் இலவச நூறு யூனிட்டை எங்கள் வீடு தாண்டியதே இல்லை என்பதில் எனக்கும் பெருமைதான்.

போன சித்திரையில் அந்த ரூம் வெடித்தது. முதுகெல்லாம் வெந்து, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு வந்தார். புண் ஆறும்வரை ஃபேன் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். குப்புறப் படுத்தபடியே, "மீட்டரு எம்புட்டு ஓடிருக்குன்னு பாரு" என்று தினமும் கேட்பார். "சும்மா கெடங்க" என்று கத்துவேன்.

ஒரு மத்தியானம் அவர் கண் அசந்ததும் அடுப்படிக்குப் போனேன். போகிற போக்கில் என் கை தானாக ஃபேனை நிறுத்திவிட்டது. சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால், வேர்வை புண்ணில் இறங்கி உடம்பு துடித்துக்கொண்டிருந்தது. விழித்துத்தான் இருந்திருக்கிறார், கூப்பிடவில்லை. பதறிப்போய்ச் சுவிட்சைத் தொட்டேன்.

"இருக்கட்டும்," என்றார். "இன்னுங் கொஞ்ச நேரம் தாங்குவேன்."