வெள்ளம் சூழ்ந்த வீட்டில் அரை டிரம் தண்ணீர்

சகோதரிகளே, மழை கொட்டிய மூன்று நாளும் நான் இவ்வளவு பயப்படவில்லை. மழை விட்ட பிறகுதான் பயந்தேன்.

என் பெயர் மும்தாஜ். திருச்சுழியிலிருந்து உள்ளே தள்ளி, கண்மாய்க்குக் கீழே எங்கள் ஊர். கணவர் குவைத்தில் டிரைவர். வீட்டில் நானும் ஐந்து வயது மகள் ஆசிபாவும்தான். குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். ஒரு கோடையில் இருபது நாள் வரவே இல்லை. அப்போது பட்ட பாட்டில் மூடி போட்ட நீல டிரம் இரண்டு வாங்கினேன். ஒன்று அடுப்படியில், ஒன்று பின்வாசலில். தண்ணீர் வரும் நாளில் பழையதைத் துணி துவைக்க எடுத்துக்கொண்டு, டிரம்மைத் தேய்த்துக் கழுவிப் புதிதாகப் பிடிப்பேன். அரிசி, பருப்பு, பொரிகடலை, சீனி, உப்பு என்று ஒரு மாதத்துக்கு டின்களில் அடைத்து வைப்பேன். பழையதை முதலில் சமைப்பேன். "என்ன மும்தாஜ், கடை வைக்கப் போறியா?" என்று கணவர் போனில் சிரிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன், கார்த்திகைக் கடைசியில், அந்த மழை வந்தது. இரண்டாம் நாள் காலை கண்மாய் உடைந்தது. கீழத்தெரு வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் வாசற்படியோடு நின்றது. ரோடு அறுந்துபோனது. கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை. குழாயில் காற்றுகூட வரவில்லை.

நமக்கென்ன, தண்ணீர் இருக்கிறதே என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன். அடுப்படி டிரம்மில் பாதிதான் இருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று, பின்வாசல் டிரம்மின் மூடியை ஓரமாகத் தூக்கி, செம்பால் மொண்டு ஆசிபாவுக்குக் கொடுத்தேன். கேஸ் தீர்ந்துவிடும் என்று காய்ச்சவில்லை.

நான்காம் நாள் மழை விட்டது. விடிந்ததிலிருந்து ஆசிபாவுக்கு வயிற்றுப்போக்கு. மதிய லுஹர் தொழுகை நேரத்துக்குள் எட்டுத் தடவை. பிறகு வாந்தியும் சேர்ந்துகொண்டது. சந்தேகம் வந்து பின்வாசல் டிரம்மை முழுக்கத் திறந்தேன். மூடி ஒரு பக்கம் இறுகவே இல்லை. கூரையிலிருந்து வடிந்த தண்ணீர், காக்கை எச்சமும் சருகுமாக உள்ளே இறங்கியிருந்தது. இதையா என் பிள்ளைக்குக் கொடுத்தேன்?

ஆசிபா துவண்டு கிடந்தாள். அழுதாள், கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வழி இல்லை. கூப்பிட ஆள் இல்லை. பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு, விரிப்பிலேயே நெற்றியை வைத்துக் கதறினேன். "யா அல்லாஹ், இவளை என்கிட்ட இருந்து எடுத்துராத. யாரையாவது அனுப்பு."

எழுந்திருக்கும்போதே கதவு தட்டும் சத்தம். அங்கன்வாடி டீச்சர் பாண்டியம்மாள் அக்கா, இடுப்புக்குக் கீழே சேறாக, வெறும் குடத்தோடு நின்றார்.

"ஒரு கொடம் தண்ணி குடு தாயி. பள்ளிக்கூடத்து மாடியில பதினோரு பேரு கெடக்கோம். பிள்ளைக தண்ணி தண்ணின்னு அழுகுதுக."

என் கண் அடுப்படிப் பக்கம் போனது. மிச்சம் இருப்பது அரை டிரம்.

"இல்லக்கா. எங்க வீட்டுலயும் தீந்துபோச்சு."

அவர் என் முகத்தையே பார்த்தார். "சரி தாயி. வேற எங்கயாச்சும் பாக்குறேன்."

அவர் படியிறங்கித் தண்ணீருக்குள் கால் வைத்தார். ஆளை அனுப்பு என்று இப்போதுதானே கேட்டேன்? வந்த ஆளிடம் பொய் சொல்லித் திருப்பி அனுப்புகிறேனே. பிள்ளையைப் பற்றிய பயத்தைவிட, அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் பெரிதாக இருந்தது.

"அக்கா, நில்லுங்க! தண்ணி இருக்கு. பொய் சொல்லிட்டேன். பிள்ளைக்கு முடியலக்கா."

அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. நேரே ஆசிபாவிடம் போனார். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். அது மெதுவாகத்தான் படிந்தது. உடம்பில் தண்ணீர் வற்றிப்போனதற்கு அது அடையாளமாம்.

"ஒண்ணுக்குப் போயி எம்புட்டு நேரமாச்சு?"

"காலையில போனதுக்கா."

"அங்கன்வாடியில இருந்த உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டெல்லாம் வெள்ளத்துல போச்சு. வீட்டுல சீனி, உப்பு இருக்கா?"

இருந்தது. டின் டின்னாக இருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஒரு லிட்டர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தார். சின்ன ஸ்பூனில் தலை தட்டி ஆறு ஸ்பூன் சீனி, அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கினார். "ஒரேடியா ஊத்தாத. ஸ்பூன் ஸ்பூனாக் குடு. வாந்தி எடுத்தா பத்து நிமிசம் விட்டுட்டு மறுபடி குடு" என்றார். குடத்தை நிரப்பிக்கொண்டு போனவர், மாடியில் இருந்த மற்ற எல்லோரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன், "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றாள் ஆசிபா. அதைக் கேட்டு நான் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது.

பயம் அத்தோடு போய்விடவில்லை. ஒரே அடுப்பில் கஞ்சி வைத்து, டம்ளரால் அளந்து தண்ணீர் கொடுத்தோம். டிரம்முக்குள் எட்டிப் பார்த்து, இன்னும் எத்தனை குடம் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். அவர்கள் வந்த மூன்றாம் நாள் மதியம் டிராக்டரில் தண்ணீர் கேன்களும் ஒரு நர்ஸும் வந்தபோது, அடியில் இரண்டு குடம்தான் மிச்சம். அந்த டிராக்டரிலேயே ஆசிபாவை ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினோம். நல்ல நேரத்தில் உப்புச் சீனித் தண்ணீர் கொடுத்தீர்கள் என்றார் டாக்டர். அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் இறைவனுக்கே.

இப்போதும் நான் சேமிக்கிறேன். ஒவ்வொரு முறை நிரப்பியதும் மூடியைக் கையால் அழுத்திப் பார்க்கிறேன். காய்ச்சாமல் குடிக்கக் கொடுப்பதில்லை. உப்பு சர்க்கரைப் பாக்கெட்டும் டின்னில் இருக்கிறது. என்ன எங்கே இருக்கிறது என்று பாண்டியம்மாள் அக்காவுக்கும் தெரியும்.

சகோதரிகளே, உங்களால் முடிந்ததைச் சேர்த்து வையுங்கள். பயம் வந்தால் அல்லாஹ்விடம் அழுது கேளுங்கள். கேட்டுவிட்டு, தட்டுகிறவர் யாராக இருந்தாலும் கதவைத் திறங்கள். நீங்கள் கேட்ட உதவி வெறும் குடத்தோடு வந்து நிற்கலாம்.