வண்டு தின்ற ரகம்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் வண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகக் கூன்வண்டுகளோடு வேலை. வட்டத் தட்டின் ஓரத்தில் ஐந்து ரகக் கத்தரி இலைகளை வைப்பாள். நடுவில் பட்டினி போட்ட இருபது வண்டுகளை விட்டு மூடுவாள். மறுநாள் எந்த இலையில் எத்தனை என்று எண்ணி எழுதுவாள். தட்டு ஆடினால் வண்டுகள் காலை மடக்கிச் செத்ததுபோல் உருண்டுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணப் பழகியிருந்தாள்.

நிலையத்து அதிகாரி உருவாக்கிய புதிய ரகத்தை ஒரு வண்டும் தொடவில்லை. அப்படியே எழுதினாள். பிறகுதான் தெரிந்தது, அந்த இலைகள் மட்டும் கண்ணாடிக் கூடத்துத் தொட்டிகளிலிருந்து வருகின்றன. அங்கே வெள்ளை ஈக்கு வாராவாரம் மருந்தடிக்கிறார்கள். வெளியே மருந்து படாத வரிசையில் அதே ரகத்தைப் பறித்து வைத்துப் பார்த்தாள். இருபதில் பதினாறு வண்டு அதில்தான் மேய்ந்தன.

"சார், மருந்துக்குத்தான் ஒதுங்கியிருக்கு. இந்த ரகம்னா அதுக்கு உயிரு."

"உன்ன எண்ணச் சொன்னாங்களா, யோசிக்கச் சொன்னாங்களா?"

வீட்டுக்கு வந்தால், வண்டு தொடாத ரகம் என்று நிலையம் கொடுக்கப்போகும் அந்த நாற்றுக்குத் தம்பி பெயர் பதிந்துவிட்டு நிற்கிறான். அவனுக்கு இருப்பது ஒரே வயல். போன வருடம் வண்டின் புழு வேரைத் தின்று பாதிச் செடி நின்றபடியே காய்ந்தது.

"வேணாம்டா. இத இன்னும் நல்லாத் தின்னும்."

"படிச்சவரு பொய் சொல்றாரு, தட்டு கழுவுற நீ கண்டுபிடிச்சிட்டியா? போக்கா, உன் வேலையப் பாரு."

பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

நாற்று கொடுக்கும் நாளில் விவசாயிகள் முன்னால் தட்டைத் திறந்து காட்ட அதிகாரி ஆசைப்பட்டார். முந்தின நாள் இலை பறிக்க அவளைத்தான் அனுப்பினார். கண்ணாடிக் கூடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளி வரிசைக்கு நடந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் அவரே மூடியை எடுத்தார். நான்கு பழைய ரகங்களில் அங்கங்கே கடித்த தடம். புதிய ரகத்தில் காம்பும் நடு நரம்பும்தான் மிச்சம்.

"சாருக்குப் பிடிச்ச ரகம் வண்டுக்கும் பிடிச்சிருக்கு!" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

"எங்கேர்ந்து பறிச்ச?" அதிகாரியின் குரல் கிறீச்சிட்டது.

"உங்க ரகந்தான் சார். மருந்தடிக்காத செடி."

தம்பி நாற்றுப் பெட்டியை வாங்கிய மேசையிலேயே திருப்பி வைத்தான். வாசலில் அவளிடம் வந்தான்.

"இத முன்னாடியே அடிச்சுச் சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொன்னேன்டா. அக்கா சொன்னா உனக்கு ஏறல. வண்டு வந்து சொல்லணும்."

உள்ளிருந்து அதிகாரி அவளைக் கூப்பிட்டார். கூப்பிடட்டும் என்று நின்றாள்.