‘அம்மாவுக்குத் தெரியும்’ என்று எழுதினேன்

என் ஆறு வயது மகளுக்குப் பேச்சு வராது. எங்கள் காலத்துக்குப் பிறகும் அவளைக் கவனிக்க ஆள் வேண்டுமே என்று, அருமனைப் பக்கம் இப்படிப் பிள்ளைகள் உள்ள எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பொது அறக்கட்டளையில் சேர்ந்தோம். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் மருந்து, பழக்கங்கள் பற்றிக் கேட்டிருந்தார்கள். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘அம்மாவுக்குத் தெரியும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மழைநாளில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்து, மறுநாள் மதியம்வரை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். கணவர் துபாயில் இருந்தார். அறக்கட்டளைச் செயலாளர் ஸ்டெல்லா அக்காதான் மகளை வைத்திருந்தார். கண் விழித்தபோது அவளோடு என் கட்டிலருகே நின்றார்.

“பிள்ள என்னட்டி, காதத் தட்டிட்டே இருக்கா? காது வலியா?”

வலிப்பு வருமுன் அவள் அப்படித்தான் தட்டுவாள்.

“அக்கா, நேத்து ராத்திரி மாத்திரை குடுத்தியளா?”

“எந்த மாத்திரை?”

அதற்குள் அக்காவின் கையிலேயே மகளுக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியாக இருந்ததால் பிழைத்தாள்.

பிறகு அக்கா விண்ணப்பத்தின் அந்தக் கடைசிப் பக்கத்தை நீட்டினார். “அம்மா மயங்கிக் கெடந்தா நான் யாருட்ட கேப்பேன், மக்கா?”

அதை இப்போது முழுக்க நிரப்பியிருக்கிறேன். மருந்து மாறினால் அன்றே திருத்துகிறேன். இருவரும் பழகட்டும் என்று மாதம் ஒரு நாள் மகளை அக்காவிடம் விட்டுவிட்டு வருகிறேன். போன மாதம் மாலைவரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். எதையும் கேட்க அக்கா ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.